உள்ளே இருப்பவர்: ஒருவர்

முதல் நாள் வகுப்பில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பின்னால் இதைப் பற்றி ஆளுக்கொரு பேச்சுப் பேசினார்கள். சித்தையன்கோட்டை ஆண்டிச்சாமியின் மூத்த மகன் பொன்னழகு, விவசாயம், வயது அறுபத்து நான்கு. திண்டுக்கல் பேகம்பூர் நூர் அகமது, தோல் வியாபாரம், வயது ஐம்பத்தெட்டு. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை செபாஸ்தியம்மாள். வயதை அவர் சொல்லவில்லை, யாரும் கேட்கத் துணியவில்லை. இம்மூவரும் ஐஸ் ஸ்கேட்டிங் கற்க வந்தவர்கள். கற்பிக்க வந்தவர் முகேஷ்குமார். வருகைப் பதிவேட்டுடன் எழுத்தர் புவனேஸ்வரி. தொடங்கி வைக்க நிர்வாக அலுவலர் இளஞ்செழியன். தமக்குப் போட வேண்டிய மாலையைத் தாமே வாங்கிக்கொண்டு வந்திருந்தார். ஆக ஆறு பேர். பதிவேட்டின்படி ஏழு.

வகுப்பு நடந்த கட்டடம் சித்தையன்கோட்டை விலக்கிலிருந்து அரை மைல் உள்ளே, தென்னந்தோப்புகளுக்கு நடுவில் நிற்கிறது. சன்னல் கிடையாது. வெயில் தார்ச்சாலையை உருக்கும் நாளிலும் அதன் சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டும். அது நின்ற ஒன்றரை ஏக்கரும் ஆண்டிச்சாமி கொடுத்தது. விற்கவில்லை, கொடுத்தார். தக்காளி விலை விழுந்தால் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு ஏற்றிப்போன வண்டியை வழியிலேயே நிறுத்திச் சாலையோரம் கொட்டிவிட்டு வருகிற வழக்கத்தை அவர் நாற்பது வருஷம் பார்த்துச் சலித்திருந்தார். பத்து நாள் வைத்துப் பார்க்க ஒரு குளிர்ந்த இடம் இருந்தால் போதும் என்றார். குளிர்பதனக் கழகம் என்று ஒன்று அந்த நிலத்தைத் தானமாகப் பெற்றுக் கிடங்கு கட்டி, முகப்பில் ‘ஆண்டிச்சாமி குளிர்பதனக் கிடங்கு’ என்று போர்டு வைத்தது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஆனி மாதத்தில் ஒரு நாள், ஆண்டிச்சாமி முப்பது பெட்டித் தக்காளியை உள்ளே கொண்டுபோய் அடுக்கினார். மறுநாள் காலையில் கதவைத் திறந்தபோது பெட்டிகளுக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். உயிர் இல்லை. தோள் துண்டை எடுத்து மேல்பெட்டியின் மீது போர்த்தியிருந்தார்.

கழகம் விசாரணை நடத்தியது. அறிக்கையில் இரண்டு வரிகள்தான் முக்கியம். மாலை ஐந்து மணிக்குக் கிடங்கினுள் ஆள் யாரும் இல்லை என்று காவலர் சான்றளித்திருக்கிறார் என்பது ஒன்று. ஆகவே இறந்தவர் அதற்குப் பின் இரவில் அனுமதியின்றி நுழைந்திருக்க வேண்டும் என்பது மற்றது. கிடங்கில் அவர் பெட்டிகளோடு வேறு ஆட்களின் பெட்டிகளும் இருந்தன என்று மூன்றாவதாக ஒரு வரி, எதையும் சொல்லாதது போல் சொல்லியிருந்தது.

அந்த மூன்றாவது வரி ஊர் ஊராகப் போயிற்று. பொன்னழகின் மகள் ஜீவிதாவைப் பெண் பார்க்கத் தொப்பம்பட்டியிலிருந்து வந்தவர்கள் காப்பி குடித்து முடித்து, போகிற போக்கில், “ஏனுங்க, கிடங்குல ராத்திரி எறங்குனாரே, அவரு வீடுதானுங்களா இது?” என்று கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்கள். ஜீவிதாவுக்குப் பிறகு நல்ல இடம் அமைந்தது. ஆனால் அந்தக் கேள்வி வீட்டை விட்டுப் போகவில்லை. பொன்னழகு கழகத்துக்கு ஏழு மனுக்கள் எழுதினார். என் தகப்பனார் பகலில் கையெழுத்துப் போட்டுத்தான் உள்ளே போனார், பழைய பதிவேட்டைக் காட்டுங்கள் என்று கேட்டார். ஏழுக்கும் ஒரே பதில் வந்தது: ‘பழைய பதிவேடு என்று எதுவும் இவ்வலுவலகத்தில் இல்லை.’

கிடங்கு பூட்டப்பட்டது. எட்டு வருஷம் கழித்து மேலிடத்தில் யாரோ, குளிரூட்டும் இயந்திரங்கள் சும்மா கிடப்பதைக் கண்டுபிடித்தார்கள். பனிச்சறுக்கில் பதக்கமே வாங்காத மாவட்டம் திண்டுக்கல் என்பதும் அதே வாரத்தில் தெரியவந்தது. கிடங்கின் தரையில் தண்ணீர் நிரப்பி உறையவைத்தார்கள். அதற்கு மூன்று வருஷம் ஆயிற்று. கழகத்தின் பெயரில் ‘மறுபயன்பாட்டு’ என்ற சொல் சேர்ந்தது. வேறு எதுவும் மாறவில்லை.

பள்ளிக்கூடங்களுக்குக் கடிதம் போயிற்று. அந்தக் கட்டடத்துக்குள் தன் பிள்ளையை அனுப்ப அக்கம்பக்கத்தில் ஒரு தாயும் சம்மதிக்கவில்லை. இதைக் கழகம் ‘வயது வந்தோரிடையே எழுந்துள்ள ஆர்வம்’ என்று பதிவு செய்து, வயது வந்தோர் குழுப் பயிற்சியை அறிவித்தது.

அத்தோடு பொன்னழகுக்கு ஒரு கடிதம் வந்தது. பனித்தளத்துக்கு, பனிச்சறுக்கில் முதல்நிலை தேறியவர் பெயரை மட்டுமே வைக்கலாம் என்று விதி இருக்கிறது. ஆண்டிச்சாமி தேறியதற்குச் சான்று இல்லை. பெயருக்குரியவரோ அவருடைய சட்டபூர்வ வாரிசோ இருபத்து நான்கு வகுப்புகளுக்குள் தேறாவிட்டால், போர்டு ‘பனித்தளம் எண் 7’ என்று மாற்றப்படும். கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டு, பொன்னழகு திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில், கொடைக்கானல் பஸ் நிற்கிற இடத்தில், ஒரு குரங்குக் குல்லா வாங்கினார்.

சேர்க்கை விண்ணப்பம் சிறுவர்களுக்காக அச்சடித்தது. அடியில் தகப்பனார் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. என் தகப்பனார் காலமாகிவிட்டார் என்றார் பொன்னழகு. எங்கே என்று கேட்டார் இளஞ்செழியன். இங்கே என்றார் பொன்னழகு. அலுவலர் கோப்பை வரவழைத்து, அந்த இரண்டு வரிகளையும் மூன்றாவதையும் குரல் ஏற்ற இறக்கமில்லாமல் வாசித்து, அவை பொருந்துகின்றன என்று தலையசைத்தார். முப்பத்தெட்டு வயதான இளஞ்செழியன் அறுபத்து நான்கு வயதான பொன்னழகுக்குக் காப்பாளர் என்று அன்றைக்கே கையெழுத்தானது.  பொன்னழகு வேட்டியைத் தழையவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

தொடக்க நாள் உரையில் இளஞ்செழியன் கழகத்தின் பெருமையை எடுத்துச் சொன்னார். “இந்தக் கிடங்கில் விவசாயிகள் வைத்த காய்கறியில் ஒரு கிலோகூடக் கெட்டுப்போனதாக எங்கள் பதிவுகளில் இல்லை. கெட்டுப்போனதை எழுத எங்கள் படிவத்தில் கட்டமே இல்லை. அந்த அளவுக்கு முன்யோசனையோடு படிவத்தைத் தயாரித்திருக்கிறோம். கழகம் இதுவரை ஒரு தவறும் செய்ததில்லை. தவறு நடந்த நேரங்களில் கழகம் அங்கே இருந்ததில்லை.” மாலையைத் தாமே கழற்றி, அடுத்த நிகழ்ச்சிக்கு ஆகும் என்று பையில் வைத்துக்கொண்டார்.

பிறகு கதவு சாத்தப்பட்டது.

ஒரு சாண் கனமுள்ள கதவு. குளிர் வெளியேறாமல் இருக்க வகுப்பு நேரம் முழுவதும் அது மூடியிருக்க வேண்டும். பொன்னழகு திரும்பிப் பார்த்தார். உட்பக்கம் கைப்பிடி இல்லை. கைப்பிடி இருந்த இடத்தில் இரண்டு விரல் நுழையும் துளை ஒன்று. அதைச் சுற்றிலும் தகடு உள்ளிருந்து வெளிப்பக்கமாகச் சற்றுக் குழிந்திருந்தது, ஒரு கை திரும்பத் திரும்பத் தட்டிய மாதிரி. அவர் அதைப் பார்த்ததை நூர் அகமது பார்த்தார். பார்த்துவிட்டு, தம் காலணியைக் குனிந்து தடவி, “அண்ணே, இது தோலே இல்ல, ரெக்சின்” என்றார்.

காலணி அத்தனையும் ஒன்பதாம் எண். ஊர் மக்களின் கால் அளவுகளைக் கூட்டி வகுத்ததில் ஒன்பது வந்ததாம். செபாஸ்தியம்மாள் தம்முடையதில் பழைய செய்தித்தாளைத் திணித்துக்கொண்டார். நூர் அகமதுவின் கட்டைவிரல் இரண்டு வாரம் நீலமாக இருந்தது. முகேஷ்குமாருக்குக் காலணியே இல்லை. பயிற்சியாளருக்கு ஒதுக்கீடு இல்லை. அவர் திண்டுக்கல்லில் ஒரு பள்ளியில் சக்கரக் காலணி சொல்லிக்கொடுத்தவர். கழகம் அவரை மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பியபோது அங்கே பனித்தளம் பழுதாகியிருந்ததால் படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். ரப்பர் விரிப்பின் மேல் செருப்போடு நின்று, கையேட்டைப் பார்த்து வாசித்தார்.

எல்லோரும் கையை நீட்டி உறுதிமொழி எடுத்தார்கள். பனியை மதிப்பேன், அனுமதி இல்லாமல் விழமாட்டேன், விழும்போது பயிற்சியாளர் சொல்லும் திசையில் மட்டும் விழுவேன் என்று அது முடியும். கையேட்டின் முதல் எட்டு வகுப்புகளும் விழுதலைப் பற்றியவை. விழ நினைப்பவர் வலக்கையைத் தூக்க வேண்டும். தம் பெயர், தகப்பனார் பெயர், விழ உத்தேசித்திருக்கும் பக்கம் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். ‘அனுமதி’ என்று பதில் வந்தபின் விழலாம்.

செபாஸ்தியம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு, “முப்பத்தாறு வருஷம் பிள்ளைகளை நிக்கச் சொல்லியே பழகிட்டேன். இப்ப என்னைய விழச் சொல்றாங்க” என்றார்.

நூர் அகமது தம் தகப்பனார் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே விழுந்தார். அடுத்த வாரம் அவருக்குக் குறிப்பாணை வந்தது: ஏன் விழுந்தீர் என்று ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும். பனி வழுக்கியது என்று அவர் எழுதிக்கொடுத்தார். பனி வழுக்குவது கழகத்தின் சாதனை, அதைக் குறையாகச் சுட்டும் விளக்கம் ஏற்கத்தக்கதல்ல என்று பதில் வந்தது. அவர் அதைக் கடையில் கண்ணாடி போட்டு மாட்டிவைத்தார்.

இவ்வளவும் சிரிப்பதற்கானவைதான். ஆனால் அந்த அறைக்குள் யாருக்கும் அதிக நேரம் சிரிப்பு நிற்கவில்லை. வடகிழக்கு மூலையில் ஓர் இடம் உறையவில்லை. ஓர் ஆள் சம்மணமிட்டு உட்காரும் அகலத்துக்கு அங்கே தண்ணீர் கறுப்பாக நின்றது. பொறியாளர் இரண்டு முறை வந்து அளந்தார். இயந்திரத்தைக் கூட்டினார்கள், சுவரில் பனி பூத்தது, நூர் அகமதுவின் மீசையில் பூத்தது, அந்த இடம் மட்டும் அப்படியே இருந்தது. அங்கேதான் முப்பது பெட்டித் தக்காளி அடுக்கியிருந்தது என்று பொன்னழகுக்குத் தெரியும். மற்றவர்களிடம் அவர் சொல்லவில்லை. சறுக்கிப் போகும்போது அந்த இடம் வந்ததும் காலைத் திருப்பிச் சுற்றிக்கொண்டு போனார். பெரியவர் உட்கார்ந்திருக்கும் இடத்தை மிதிக்காமல் போவது போல. நேர்கோட்டில் போகவில்லை என்று முகேஷ்குமார் ஒவ்வொரு வகுப்பிலும் குறித்துக்கொண்டார்.

வகுப்பு முடிந்ததும் முகேஷ்குமார் கதவை மூன்று முறை தட்டுவார். வெளியே உட்கார்ந்திருக்கும் புவனேஸ்வரி திறப்பார். ஏற்பாடு அதுதான். நான்காம் வகுப்பில், பாதி நேரம்கூட ஆகாதபோது, கதவு தட்டப்பட்டது. மூன்று தட்டு. இடைவெளி. மறுபடி மூன்று. புவனேஸ்வரி திறந்தார். கற்பவர்கள் மூவரும் முகேஷ்குமாரும் தளத்தின் மறுகோடியில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. மறுநாள் அலுவலகப் பலகையில், முன்கூட்டியே தட்டுவது ஒழுங்கீனம், தட்டியவர் தாமாக முன்வந்து விளக்கம் அளிக்கவும் என்று அறிவிப்பு ஒட்டியிருந்தது.

ஒன்பதாம் வகுப்பில்தான் செபாஸ்தியம்மாள் அந்தக் கேள்வியைக் கேட்டார். முப்பத்தாறு வருஷம் வருகைப் பதிவு எடுத்தவர். எட்டு வகுப்பு பொறுத்ததே அதிகம்.

“தம்பி முகேஷு, படிக்கிறது நாங்க மூணு பேரு. தினமும் நாலுன்னு வாசிக்கிறீங்களே, அந்த நாலாவது ஆளு யாரு?”

எண்ணிக்கை அலுவலகத்திலிருந்து வருகிறது, எனக்குத் தெரியாது என்றார் முகேஷ்குமார். குழு என்றால் குறைந்தது நான்கு பேர் வேண்டும், நான்கு இல்லாவிட்டால் வகுப்புக்கே அனுமதி இல்லை, அதனால் நான்குதான் இருக்க வேண்டும் என்று குழப்பத்தோடு விளக்கினார்.

அன்று வெளியே வந்ததும் பொன்னழகு நேரே புவனேஸ்வரியின் மேசைக்குப் போனார். பதிவேட்டின் மேல் காகிதம் பறக்காமல் இருக்க ஒரு கனத்த இரும்புக் கைப்பிடி வைத்திருந்தது. அதை நகர்த்திவிட்டு அவரே பக்கங்களைத் திருப்பினார். புவனேஸ்வரி தடுக்கவில்லை.

அது தக்காளிக்காக அச்சடித்த இருப்புப் பதிவேடு. முந்தைய இருப்பு, வரவு, வெளியேற்றம், உள்ளே இருப்பு என்று நான்கு கட்டங்கள். கிடங்கு தொடங்கிய காலத்திலிருந்தே ஆட்களையும் அதே புத்தகத்தின் பின்பாதியில் எழுதிவந்திருந்தார்கள். பக்கங்கள் தீராததால் வேறு புத்தகம் வாங்கவில்லை. திருப்பத் திருப்பத் தேதிகள் பின்னால் போயின. ஒவ்வொரு வேலை நாளுக்கும் ஒரு வரி இருந்தது. பூட்டிக் கிடந்த எட்டு வருஷத்துக்கும் இருந்தது: வரவு இல்லை, வெளியேற்றம் இல்லை, உள்ளே இருப்பவர் ஒருவர். வரவு இல்லை, வெளியேற்றம் இல்லை, உள்ளே இருப்பவர் ஒருவர். பக்கம் பக்கமாக அதே கையெழுத்து. கடைசியில், பதினோரு வருஷத்துக்கு முந்தைய ஆனி மாதப் பக்கத்தில், வேறொரு கையெழுத்து இருந்தது. எழுத்தெல்லாம் நிமிர்ந்து நின்றது. ஆ. ஆண்டிச்சாமி, சித்தையன்கோட்டை. உள்ளே: பிற்பகல் 3.40. வெளியே என்ற கட்டம் காலி.

பொன்னழகு அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றார். 

“பழைய பதிவேடு இல்லன்னு ஏழு தடவ எழுதுனீங்க” என்றார்.

“இது பழசு இல்லீங்களே” என்றார் புவனேஸ்வரி. அவர் ஒட்டன்சத்திரத்துக்காரர். “இன்னும் எழுதிக்கிட்டுத்தானுங்க இருக்கோம். நீங்க பழசைக் கேட்டீங்க. இல்லாததை இல்லைன்னு எழுதச் சொன்னாங்க.” குரலைத் தாழ்த்தினார். “வெளியேறாத ஆளை மறுநாள் முந்தைய இருப்புல எடுத்து எழுதணும்னு விதிங்க. நான் வேலைக்கு வந்த நாள்ல இருந்து அவரை எழுதிப்போட்டுத்தானுங்க வீட்டுக்குப் போவேன். ஒரே ஒரு நாள் எழுதாமப் போயிட்டேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தட்டுற சத்தம் கேட்டுதுங்க.”

அந்த இரும்புக் கைப்பிடி என்ன என்று பொன்னழகு கேட்டார். கதவின் உட்பக்கத்துக் கைப்பிடி என்றார் புவனேஸ்வரி. சொத்துப் பட்டியலில் ‘கதவுக் கைப்பிடி, ஒன்று’ என்று இருந்ததாம். தணிக்கைக்கு வந்தவர்கள் வெளியே ஒன்றும் உள்ளே ஒன்றுமாக இரண்டு இருப்பதைக் கண்டார்கள். பட்டியலைத் திருத்த மேலிட உத்தரவு வேண்டும். கைப்பிடியைக் கழற்ற ஒரு திருப்புளி போதும். ஆண்டிச்சாமி இறந்ததற்கு ஒரு மாதம் முன்னால் நடந்தது அது.

மறுநாள் பொன்னழகு எட்டாவது மனுவை எழுதினார். இளஞ்செழியன் அவரை அறைக்கு அழைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, மிகுந்த அன்போடு பேசினார். தேர்வு நெருங்குகிறது. நேர்கோடு கொஞ்சம் வளைந்தாலும் கண்டுகொள்ளாமல் விடலாம். பொன்னழகு தேறுவார், போர்டு நிற்கும், குடும்பத்துக்குக் கௌரவம். பதிலுக்கு இந்தப் பதிவேட்டு விஷயத்தைக் கிளறாமல் இருந்தால் போதும். “விசாரணை அறிக்கை என்பது முடிந்துபோன உண்மை ஐயா. பதிவேடு என்பது நடப்பு உண்மை. இரண்டும் ஒன்றையொன்று சந்திக்காமல் பார்த்துக்கொள்வதுதான் நிர்வாகம்.”

பொன்னழகு அவரை நிதானமாகப் பார்த்தார். “அறிக்கைல எங்கப்பன் திருடன். வாசல்ல அவரு பேருல போர்டு. திருடன் பேரை எதுக்குய்யா தொங்கவிடணும்? மொதல்ல திருடன் இல்லன்னு எழுதுங்க. போர்டு கெடக்கு.”

அலுவலரின் அன்பு அத்தோடு முடிந்தது. அப்படியானால் பதிவேட்டில் உள்ள அந்த வரியே பிழையான பதிவு, ஆண்டிச்சாமி உள்ளே இல்லை என்று அடித்துவிடுகிறேன் என்றார். சிவப்பு மையை எடுத்தார். வெளியே பெஞ்சில் காத்திருந்த செபாஸ்தியம்மாள் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார். பின்னாலேயே நூர் அகமது.

“அடிங்க சார்” என்றார் செபாஸ்தியம்மாள். “அடிச்சா நாங்க மூணு பேரு. மூணு பேருன்னா குழு இல்ல. குழு இல்லன்னா இத்தனை வகுப்பும் நடக்கல. நடக்காத வகுப்புக்கு நீங்க மேலிடத்துக்கு அனுப்புன அறிக்கை எல்லாம் என்ன சார்? உங்க மாலை என்ன?”

நூர் அகமது, தமக்கு வந்த குறிப்பாணையும் செல்லாதா என்று கேட்டார். அதை இனி மாட்ட முடியாதே என்று அவருக்கு உண்மையிலேயே கவலை.

இளஞ்செழியன் சிவப்புப் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அடித்தால் வகுப்பு இல்லை. அடிக்காவிட்டால், பிற்பகல் மூன்று நாற்பதுக்கு முறைப்படி கையெழுத்திட்டு உள்ளே போன மனிதர் இன்னும் உள்ளே இருக்கிறார். பிறகு இரவில் நுழைந்தது யார்? அவர் முகம் கூட்டல் தெரியாத பிள்ளையின் முகம் மாதிரி ஆயிற்று. அந்த நேரத்தில் அடுத்த கட்டடத்தில், பூட்டிய கனத்த கதவுக்கு உள்ளேயிருந்து, மூன்று தட்டுக் கேட்டது. வகுப்பு இல்லாத நாள். இயந்திரம் என்றார் இளஞ்செழியன். இயந்திரம் காலையிலிருந்து ஓடவில்லை என்றார் வாசலில் வந்து நின்ற புவனேஸ்வரி. மறுபடி மூன்று.

அலுவலர் பேனாவை மூடிவைத்தார்.

இருபத்து நான்காம் வகுப்பு தேர்வு. தளத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நேர்கோட்டில் போக வேண்டும். முகேஷ்குமார் சுண்ணாம்புத் தூளால் கோடு கிழித்திருந்தார். அது கறுப்புத் தண்ணீருக்கு நடுவில் போயிற்று. செபாஸ்தியம்மாள் பிரம்பு பிடித்தவர் போல ஒரு கையை நீட்டிக்கொண்டு, மெல்ல, ஒருமுறைகூடச் சாயாமல் போய், தண்ணீர் தெறிக்க அதைக் கடந்து சுவரைத் தொட்டார். மூச்சு வாங்க அங்கேயே நின்று சிலுவை போட்டுக்கொண்டார். நூர் அகமது நான்கு முறை விழுந்தார். கடைசி முறை மட்டும் அனுமதியோடு.

பொன்னழகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு புறப்பட்டார். மூன்று மாதத்தில் அவருக்குக் கால் பிடிபட்டிருந்தது. நன்றாகவே போனார். அந்த இடம் வந்தது. கோடு நேராக அதற்குள் போனது. நேரே போய்ச் சுவரைத் தொட்டால் போர்டு நிற்கும், இன்னும் பத்தடி தூரம். தண்ணீரின் விளிம்பில் அவர் காலைத் திருப்பினார். சுற்றிக்கொண்டு போய், மறுபடி கோட்டுக்கு வந்து, சுவரைத் தொட்டார். விழவில்லை, கை ஊன்றவில்லை. முகேஷ்குமார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தேறவில்லை என்று எழுதினார்.

முடிவுகளை இளஞ்செழியன் தளத்தின் ஓரத்தில் நின்று வாசித்தார். அன்றைக்கு மாலை இல்லை. செபாஸ்தியம்மாள், தேர்ச்சி. நூர் அகமது, தேர்ச்சி இல்லை. பொன்னழகு, தேர்ச்சி இல்லை. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, இரண்டு வாரம் யோசித்து எழுதிய தாளைப் பிரித்தார்.

“ஆ. ஆண்டிச்சாமி, சித்தையன்கோட்டை. மேற்படி நாளில் பிற்பகல் மூன்று நாற்பது மணிக்கு முறைப்படி கையெழுத்திட்டு, உரிய அனுமதியுடன் உள்ளே நுழைந்தவர். அன்றுமுதல் இன்றுவரை வளாகத்தை விட்டு வெளியேறவில்லை. இருபத்து நான்கு வகுப்புகளிலும் வருகை. அனுமதியின்றி விழுந்தது ஒருமுறைகூட இல்லை. பயிற்சியாளரை எதிர்த்துப் பேசியது இல்லை. ஒழுக்கம், மிக நன்று. முதல்நிலை தேர்ச்சி.” நிமிர்ந்து பார்த்தார். “இதற்கு முரணான முந்தைய அறிக்கை எதுவாயினும் செல்லாது. கழகம் தன்னிடம் பயிற்சி பெறுபவர்களைக் கைவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.”

ஒருவரும் கை தட்டவில்லை.

தேறியவரைப் பதிவேட்டில் வெளியேற்றி எழுதினால்தான் பயிற்சி முடிந்ததாகும். அவர் சார்பில் வாரிசு கையெழுத்திடலாம் என்று விதி இருந்தது. புவனேஸ்வரி பதிவேட்டைத் திறந்து, ஆனி மாதப் பக்கத்தை எடுத்து நீட்டினார். பொன்னழகு காலணியைக் கழற்றி, குல்லாவைக் கழற்றி, வெறுங்காலோடு பனியில் நின்று, கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே என்ற காலிக் கட்டத்தில் முற்பகல் 11.05 என்று எழுதி, தம் பெயரைப் போட்டார். எழுத்து நிமிர்ந்து நின்றது.

கதவு மூடியிருந்தது. அன்றைக்கு வெளியே, புவனேஸ்வரியின் இடத்தில், ஒரு காவலர் உட்கார்ந்திருந்தார். முகேஷ்குமார் தட்டுவதற்குக் கையைத் தூக்கினார். புவனேஸ்வரி அவரை நிறுத்திவிட்டு, தோள்பையிலிருந்து அந்த இரும்புக் கைப்பிடியை எடுத்தார்.

“இது அரசுச் சொத்துங்க. திருப்பித் தரணும்” என்று சொல்லிக் கொடுத்தார்.

பொன்னழகு அதைத் துளையில் பொருத்தித் திருகினார். ஒரே திருகு. ஒரு சாண் கனமுள்ள கதவு உள்ளிருந்து திறந்தது. வெயில் வந்து பனியின் மேல் விழுந்தது. பொன்னழகு வெளியே போகவில்லை. கதவைத் தோளால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, உடம்பை ஓரமாக ஒதுக்கி, துண்டை இடுப்புக்கு இறக்கிக்கொண்டு நின்றார். ஓர் ஆள் நிதானமாக நடந்து கடக்கும் நேரம். அதற்குப் பிறகுதான் அவர் வெளியே வந்தார். கைப்பிடியை மட்டும் கதவிலிருந்து கழற்றவில்லை. திருப்பிக் கேட்டவர்களிடம், வந்து கழற்றிக்கொள்ளச் சொன்னார். யாரும் வரவில்லை.

மறுநாள் காலையில் அந்த மூலை உறைந்திருந்தது. கழகம் அதைத் தன் சாதனைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. புவனேஸ்வரி அன்றைக்கு எழுதிய வரியில், உள்ளே இருப்பவர் எவருமில்லை என்று இருந்தது. போர்டு அப்படியே இருக்கிறது. தொப்பம்பட்டிக்குச் சான்றிதழின் நகல் ஒன்று பதிவுத் தபாலில் போயிற்று.

கால் மரத்துப்போய் நடக்க முடியாமல்தான் பொன்னழகு அன்று கதவைப் பிடித்துக்கொண்டு அம்புட்டு நேரம் நின்றார் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அது உண்மையல்ல. அவருடைய காலுக்கு ஒன்றுமில்லை. பெரியவர் முன்னால் போக வேண்டும், அதற்காக நின்றார்.